பழைய ஜேசிபி வாங்கி கிங்போஸ்ட் புஷ் மாற்றிய அனுபவம்

பழைய பேக்ஹோ லோடர், அதாவது ஊரில் ஜேசிபி என்று சொல்கிற வண்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் விசாரிக்கிறார்கள். செல்ஃப் அடித்ததும் பிடிக்கிறதா, புகை என்ன நிறம், மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள். எஞ்சினைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எஞ்சினில் என்ன கோளாறு வந்தாலும் அதற்குத் தெரிந்த செலவு ஒன்று உண்டு. நான்கு சிலிண்டருக்கு கிட், ஹெட் வேலை, டீசல் பம்பு காலிபரேஷன் என்று எந்த டவுனில் கேட்டாலும் தொகை சொல்லிவிடுவார்கள். வண்டியின் பின்பக்கத்து மூட்டுகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மூட்டில் விழுந்த ஆட்டம் பக்கத்து மூட்டையும் தின்னும். பின்னைச் சுற்றி உட்காரும் குழாய் போன்ற புஷ்ஷோடு போக வேண்டிய தேய்மானம் அதைப் பிடிக்கும் ஹவுசிங்குக்குப் போகும், அங்கிருந்து வெல்டிங் விரிசலுக்குப் போகும். என் வண்டியில் நான் அதிகம் செலவழித்தது அங்கேதான், வாங்கும்போது பேரம் பேசி இறக்கியதும் அதைக் காட்டித்தான். அந்த வேலையை விவரமாக எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும் என்று தோன்றியது.

வண்டி 2012 மாடல் 3டிஎக்ஸ். டூ வீல் டிரைவ், 76 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் எஞ்சின். எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். மேலே செம்மண், மூன்று நான்கு அடிக்குக் கீழே சுக்கான் பாறை. தென்னைக்கு மூன்றடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி, சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால், வீட்டுக்குப் பில்லர் குழி, செப்டிக் டேங்க், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். இதற்கெல்லாம் ஊரில் ஹிட்டாச்சி என்று சொல்கிற செயின் வண்டி கட்டுப்படியாகாது. அதை ஏற்றி இறக்கவே ஒரு டிரெய்லர் வாடகை வேண்டும். தார் ரோட்டில் தானே ஓடி வந்து, பின்னால் குழி வெட்டி, முன் பக்கெட்டால் மண்ணைத் தள்ளிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் போகிற வண்டிதான் நம் வேலைக்குச் சரி.

பழைய மாடலாகப் பார்த்து எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கட்டுமான வண்டிகளுக்கு சிஇவி ஸ்டேஜ் 4 என்ற மாசுக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளின் எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு, கோளாறு வந்தால் லேப்டாப் வைத்திருக்கும் ஆள் வர வேண்டும். என் வண்டியில் இருப்பது மெக்கானிக்கல் பம்பு, உள்ளூர்ப் பம்பு கடையில் பிரித்து மாட்டுவார்கள். ஜேசிபி ஹரியானாவின் பல்லப்கரில் தொழில் தொடங்கியது 1979-ல். இத்தனை வருஷத்தில் வண்டிகள் நாடு முழுக்கப் பரவிவிட்டதால் பின்னு, புஷ், சீல் கிட் எதுவும் திண்டுக்கல்லில் அன்றைக்கே கிடைக்கிறது. இது பெரிய பலம். பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாடகைத் தொழிலுக்கு உதவாது.

வாங்கும்போது பார்த்தவை

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அதனால் போனதும் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக மூச்சு வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் வேலை இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் ஆயிலை டிப்ஸ்டிக்கில் எடுத்து மோந்து பாருங்கள். கருகிய வாடை இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. மணி மீட்டரை நான் நம்புவதில்லை. பெடல் ரப்பர், லீவர் குமிழ், சீட்டின் ஓரம், கேபினில் ஏறும் படி, இவற்றில் உள்ள தேய்மானமும் மீட்டர் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பேன்.

காகிதம் முக்கியம். ஆர்சி புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் ஹெச்பி (கடன் பாக்கிக் குறிப்பு) இருந்தால், என்ஓசியும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டேன். எஃப்சி, இன்சூரன்ஸ் இரண்டுக்கும் தேதி பார்த்தேன்.

அப்புறம்தான் பின்பக்கம். இதற்கு ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்க ஜாக்கிக் காலையும் ஊன்றி, வண்டியோடு சேரும் பெரிய கையான பூமையும் அதன் நுனியில் பக்கெட்டைப் பிடிக்கும் ஆர்மையும் முழுக்க நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் பக்கெட்டின் ஓரத்தைப் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளட்டும். நீங்கள் பக்கெட்டைப் பார்க்காதீர்கள். பூமுக்கு வெளியே ஒரு பக்கமாக நின்று, பூமைத் தாங்கும் கிங்போஸ்ட்டும், அதை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கேரேஜும் (carriage) சேரும் இடத்தைப் பாருங்கள். மேலே ஒரு பின்னு, கீழே ஒரு பின்னு இருக்கும். நல்ல மூட்டில் அங்கே எதுவும் அசையாது. தேய்ந்த மூட்டில் கருப்பு கிரீஸ் ஒரு கோடாகப் பிதுங்கி வெளியே வரும், மறுபக்கம் தள்ளும்போது அந்தக் கோடு உள்ளே போகும். என் வண்டியில் கீழ் மூட்டில் அந்தக் கோடு நன்றாகவே மூச்சுவிட்டது.

மூட்டில் 1 மி.மீ. ஆட்டம் என்றால், இரண்டு பின்னுக்கும் உள்ள இடைவெளியையும் நீட்டிய பூமின் நீளத்தையும் ஒப்பிடும்போது, பக்கெட் நுனியில் ஏறக்குறைய பத்து மடங்காகத் தெரியும். ஆபரேட்டர் நேராகக் கோடு பிடித்து வெட்டினாலும் வாய்க்கால் கோணல்மாணலாக வருவது இதனால்தான். வாடகைக்குப் போகும் இடத்தில் வேலை சுத்தமில்லை என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

இதே நேரத்தில் பூமின் வளைவு, ஆர்ம் சேரும் இடம், ஜாக்கிக் கால்களின் அடி, இந்த மூன்றிலும் வெல்டிங்கைப் பார்த்தேன். வண்டி முழுக்கப் பழைய பெயிண்டாக இருந்து ஓரிடத்தில் மட்டும் புது மஞ்சள் இருந்தால் அங்கே நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். இந்த வண்டியில் ஒளித்தது எதுவும் இல்லை. விற்றவர் கீழ்ப் புஷ் போய்விட்டது என்று தானே ஒத்துக்கொண்டார். துளைகளை ஒரே நேர்க்கோட்டில் கடையும் லைன் போரிங் வரை போகும் என்று கணக்குச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டேன், குறைத்தார். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது.

கிங்போஸ்ட் வேலை

வாங்கியதும் வேலைக்கு அனுப்பாமல் நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எனக்கு மெக்கானிக் வேலை ஓரளவு தெரியும், ஆனாலும் இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. பூம், ஆர்ம், பக்கெட் எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் எடை. முக்காலி போட்டுச் செயின் பிளாக்கில் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எனக்குச் சம்மதமில்லை. ஹைட்ரா கிரேனை வாடகைக்கு எடுத்தோம். கழற்றும்போது ஒரு தடவை, மாட்டும்போது ஒரு தடவை. நடுவில் பூமைக் கட்டைகள் அடுக்கித் தரையில் படுக்க வைத்துவிட்டால் கிரேன் போகலாம்.

கான்கிரீட் தளத்தில் வண்டியை நிறுத்தி முன் பக்கெட்டைத் தரையில் பதித்து, டயருக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை ஊன்றினோம். எஞ்சினை அணைத்த பிறகு எல்லா லீவரையும் முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை ஆட்ட வேண்டும். சிலிண்டரில் தங்கியிருக்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும். அழுத்தம் இருக்கும் ஹோஸைக் கழற்றினால் ஆயில் ஊசி போலப் பீய்ச்சும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டி வரும். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஆயில் குத்திவிட்டால் காயம் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டில் உட்காராமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ராலிக் ஆயில் குத்தியது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஹோஸையும் கழற்றும் முன் இரண்டு முனையிலும் ஒரே நிறப் பெயிண்டால் புள்ளி வைத்தோம். கழற்றியதும் பிளாஸ்டிக் மூடி போட்டோம். மூடி இல்லாத இடத்தில் பாலிதீன் சுற்றி இறுக்கக் கட்டினோம். ஹோஸ் வாயைப் பழைய துணியால் அடைப்பது வழக்கமாக எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. அந்தத் துணி நூல் உள்ளே போனால் வால்வு பிளாக்கின் ஸ்பூலில்தான் போய்ச் சிக்கும். கை துடைக்கும் வேஸ்ட் பஞ்சையும் ஹைட்ராலிக் வேலை நடக்கும் இடத்தில் வைக்கவில்லை.

பின்னைத் தட்டி எடுப்பதுதான் கஷ்டம். மேல் பின்னு, பூட்டியிருந்த போல்ட்டை எடுத்ததும் பித்தளைக் கம்பி வைத்து நாலு அடி அடிக்க வந்துவிட்டது. கீழ்ப் பின்னு அசையவில்லை. கிரேன் பிடிமானத்தை ஒரு நூல் ஏற்றி இறக்கி, பின்னின் மேல் சுமை இல்லாத இடத்தைக் கண்டுபிடித்து, ஹவுசிங்கைச் சுற்றி கேஸ் டார்ச்சால் மெதுவாகச் சூடேற்றி அடித்ததும் நகர்ந்தது. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது பின்னின் ஒரு பக்கம் 2 மி.மீ. அளவுக்குப் பள்ளம். எதிர்ப் பக்கம் புதுசு போலப் பளபளப்பு. கிரீஸ் போகும் துளை கெட்டியான மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து அடைத்திருந்தது. நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து அடித்தால் வெளியே ஓரத்தில் வழியும், பார்ப்பவருக்குக் கிரீஸ் ஏறியது போலத்தான் இருக்கும். புஷ்ஷுக்குள் ஒரு துளிகூடப் போயிருக்காது. இந்த வண்டியில் நெடுநாளாக அதுதான் நடந்திருக்கிறது.

புஷ் தேய்ந்து போனால் புதுப் புஷ் அடித்தால் முடிந்தது. ஆனால் புஷ் பிடி விட்டு, பின்னோடு சேர்ந்து அதுவும் சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஹவுசிங் துளை முட்டை வடிவமாகிவிடும். எங்கள் லேத்காரர் டயல் கேஜ் வைத்து அளந்துவிட்டு, "தம்பி, மேல் துளை நல்லா இருக்கு. கீழே வட்டம் போயிருச்சு. இதுல அப்படியே புஷ் அடிச்சா ஆறு மாசம்கூட நிக்காது" என்றார். துளையைப் பெரிசாக்கி, அளவு கூடின புஷ் கடைந்து போட்டுவிடலாம் என்று வேறு ஒருவர் யோசனை சொன்னார். செலவு குறையும்தான். ஆனால் அடுத்த தடவை கடையில் கிடைக்கும் புஷ் சேராது, எப்போதும் லேத்தையே நம்பி இருக்க வேண்டும். கம்பெனி அளவுக்கே திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றினோம். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். எங்கோ சேஸில் எர்த் கொடுத்தால் கரண்ட் பின்னு, பேரிங், சிலிண்டர் வழியாகப் போய் அங்கெல்லாம் பொறி வைத்துவிடும். ஹவுசிங் கனமான இரும்பு. பச்சையாக வெல்டிங் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். முன்கூட்டியே சூடாக்கி, காய வைத்த 7018 ராடால் துளையின் உட்சுவரைச் சுற்றி நிரப்பினார்கள். முடிந்ததும் சாக்கு போர்த்தி மெதுவாகக் குளிர விட்டார்கள். மறுநாள் போர்ட்டபிள் லைன் போரிங் மெஷினை வண்டியிலேயே மாட்டினார்கள். மேல் துளையை ஆதாரமாக வைத்து நீளமான பாரைச் செருகி, கீழ்த் துளையை அதே நேர்க்கோட்டில் கடைந்து எடுப்பார்கள். இரண்டு துளைக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த மெஷினைக் கூப்பிடுவது. மையம் விலகினால் புதுப் பின்னு ஏறும், ஆனால் ஒரு விளிம்பில் மட்டும் உரசி மறுபடியும் ஒரு பக்கமாகத் தேயும்.

புஷ்ஷை ஏற்றுவதற்குச் சுத்தியல் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடைக்காரரிடம் கேட்டு அவருடைய ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க புஷ்களைப் போட்டு வைத்தேன். 60 மி.மீ. விட்டமுள்ள இரும்பு புஷ், வெயில் நேரத்து 35 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குப் போனால் விட்டத்தில் சுமார் 0.04 மி.மீ. சுருங்கும். சின்ன அளவுதான், ஆனால் இறுக்கப் பொருத்தத்துக்கு அதுவே போதுமான உதவி. ஹவுசிங்கைக் கை வைக்க முடியாத அளவுக்கு மட்டும் சூடாக்கிக்கொண்டோம். தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்த புஷ்ஷைத் துணிக் கையுறையோடு எடுத்து, கிரீஸ் துளை நேராக வருமாறு அடையாளக் கோட்டைச் சேர்த்து வைத்து, நீளமான போல்ட்டும் தட்டையான பிளேட்டும் கொண்டு இழுத்தபோது ஒரே மூச்சில் போய் உட்கார்ந்தது. யோசிக்க நேரம் கிடையாது. அரை நிமிஷம் தாமதித்தால் புஷ் சூடாகி நடுவிலேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் எடுப்பது பெரும் பாடு.

பின்னு இரண்டும் புதிதாகவே வாங்கினேன். லேத்தில் கடைந்த பின்னு பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் மேல்தோலைக் கடினமாக்காமல் வெறுமனே கடைந்து கொடுத்தால் சுக்கான் பாறையில் அது நிற்காது. அரத்தை லேசாக வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரியும். கடினமான பின்னில் அரம் வழுக்கும், சாதாரணப் பின்னில் கோடு விழும். மாட்டும்போது மேலும் கீழும் இருந்த இடைவெளிக்கு ஷிம் வாஷர் போட்டு, காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் விட்டோம். பூமை மாட்டி முடித்ததும் முதலில் போட்டது கிரீஸ்தான், சுத்தமான கிரீஸ் மேலும் கீழும் வெளியே வரும் வரை அடித்தோம். பிறகு அதே பழைய சோதனை. பக்கெட்டைத் தள்ளிப் பார்த்ததில் கிங்போஸ்ட் அசையவில்லை.

கேரேஜைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிளாம்ப்களின் சீலையும் இதோடு சேர்த்து மாற்றிவிட்டோம். இந்த வண்டியில் பின்பக்கம் முழுவதையும் இடமோ வலமோ நகர்த்தி வைத்துச் சுவரோரமாக வெட்டலாம். அந்த இடத்தில் கேரேஜைப் பிடித்து நிறுத்துவது கிளாம்ப்தான். சீல் போனால் சட்டத்தின் பின்புறம் ஆயில் ஒழுகும், கடினமான மண்ணில் கேரேஜ் தானே நகரும். கிங்போஸ்ட்டைக் கழற்றியிருக்கும்போது செய்தால் இதற்குத் தனிக் கூலி இல்லை.

பூம் சிலிண்டர்

கிங்போஸ்ட் முடிந்ததும் பூம் இறங்குவது கண்ணில் பட்டது. தூக்கி நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் பக்கெட் தரையைத் தொட்டிருக்கும். இதற்கு சிலிண்டர் பிஸ்டன் சீலும் காரணமாகலாம், வால்வும் காரணமாகலாம். எது என்று தெரியாமல் சீல் கிட் போட்டால் பணம் வீண். பூமைத் தரையில் இறக்கி, சிலிண்டரை ஒரு கடைசி வரை கொண்டுபோய் அழுத்தத்தை இறக்கிவிட்டு, அழுத்தம் போகாத பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸுக்கு அடைப்பு போட்டோம். பிறகு மறுபக்கம் மட்டும் அழுத்தம் கொடுத்தால், திறந்த வாயில் முதலில் வழியும் மிச்ச ஆயிலுக்குப் பிறகு எதுவும் வரக் கூடாது. தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. எங்களுக்கு ஓடியது.

சிலிண்டரைத் திறந்து ராடை இழுத்தபோது குரோம் நன்றாக இருந்தது. நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது சீலை அது சில நாளிலேயே அறுத்துவிடும், ராடை ஹார்டு குரோம் போட அனுப்ப வேண்டும். சீல் மாற்றுவதில் இரண்டு விஷயம் சொல்வேன். பழைய சீலைக் கழற்றும்போதே எது எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுங்கள். ராட் சீலின் உதடு அழுத்தம் வரும் உட்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும், ராடில் ஒட்டும் மண்ணைத் துடைக்கும் வைப்பர் வெளியே பார்த்து இருக்க வேண்டும். இன்னொன்று, சிலிண்டர் வாயை மூடும் கிளாண்டை ராடில் ஏற்றும்போது முனையில் உள்ள மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி ஆயில் தடவிக்கொள்ளுங்கள். மரை விளிம்பு கத்தி மாதிரி. அது சீலின் உதட்டில் போடும் வெட்டு கண்ணுக்குத் தெரியாது, வேலைக்குப் போனதும் ஒழுகும்போதுதான் தெரியும். கெட்டியான பிஸ்டன் சீலை வெந்நீரில் போட்டு எடுத்தால் கையாலேயே ஏறும்.

மாட்டிய பின் எஞ்சினை ஸ்லோவில் வைத்து, பூமைச் சிலதடவை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினோம். ஹைட்ராலிக் ஆயில் எங்கள் வெயிலுக்கு 46 கிரேடு, ரிட்டர்ன் ஃபில்டரும் புதுசு. பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியின் பிரேக்குக்கு மினரல் வகை ஹைட்ராலிக் ஆயில்தான். காருக்கு ஊற்றும் பிரேக் ஆயிலை அவசரத்துக்கு ஊற்றினால் சீலெல்லாம் ஊதிப்போய் மாஸ்டர் சிலிண்டர் முதல் பிரித்தாக வேண்டும். அந்த மூடியின் மேல் மார்க்கரால் எழுதியே வைத்திருக்கிறேன்.

ஓட்டும் விதம்

மூட்டை மண் தின்பதைவிடக் கை அதிகம் தின்னும். இதை என் ஆபரேட்டரிடம் முதல் நாளே பேசிவிட்டேன். குழி வெட்டி முடித்ததும் ஓரத்து மண்ணைப் பின் பக்கெட்டின் பக்கவாட்டால் தள்ளிச் சமன் செய்வது நிறையப் பேருக்குப் பழக்கம். பார்க்க வேகமாக இருக்கும். அந்தப் பக்கவாட்டுச் சுமை முழுவதும் பூமை இடம் வலமாகத் திருப்பும் ஸ்விங் சிலிண்டரிலும் கிங்போஸ்ட் கீழ்ப் புஷ்ஷிலும்தான் விழுகிறது. என் பழைய பின்னில் இருந்த பள்ளம் அப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு. மண் தள்ள முன் பக்கெட் இருக்கிறது, இரண்டு நிமிஷம் கூடினால் கூடட்டும். பக்கெட்டைத் தூக்கிப் பாறையில் குத்தி உடைப்பதும், ஸ்விங்கைக் கடைசி வரை வேகமாக விட்டு இடித்து நிறுத்துவதும் இங்கே கிடையாது. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டித் தரச் சொல்லி வரும் வேலைகளையும் நான் எடுப்பதில்லை. அந்த அதிர்வுக்கு வருகிற கூடுதல் வாடகை, தேயும் புஷ்ஷுக்குப் போதாது.

கிரீஸை வேலை முடிந்த பிறகு அடிக்கிறோம், காலையில் இல்லை. பின்னு சூடாக இருக்கும்போது கிரீஸ் நன்றாக உள்ளே ஓடும், நாள் முழுக்கச் சேர்ந்த மண்ணையும் அப்போதே வெளியே தள்ளிவிடும். பக்கெட்டைத் தரையில் சும்மா வைத்து மூட்டில் சுமை இல்லாமல் அடிக்க வேண்டும். எந்த நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லையோ அதை அன்றைக்கே கழற்றித் துளையைக் குத்திச் சுத்தம் செய்கிறோம்.

சீமைக்கருவேலம் பிடுங்கும் வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். சின்ன இலைகள் ரேடியேட்டரில் படிந்து மதியத்துக்குள் சூடு ஏறிவிடும். காற்றை ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே வருமாறு அளவாக அடித்தால் இலை வந்துவிடும். அதிக அழுத்தத்தில் அடித்தால் ரேடியேட்டர் தகடு மடங்கிக்கொள்ளும். முன் டயர் 9.00-16, முள் ஏறுவது பெரும்பாலும் அதில்தான். பின் டயர் 16.9-28 கனமானது, தாங்கும். முன் கைகளைத் தூக்கி வைத்து அடியில் வேலை பார்க்கும்போது சிலிண்டர் ராடில் பாதுகாப்புத் தாங்கியை மாட்டாமல் யாரையும் உள்ளே போக விடுவதில்லை. மேலே கரண்ட் கம்பி போகும் தோட்டத்தில் பூமை நீட்டும் முன் ஒருவர் கீழே நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் எங்கள் விதி.

கணக்கு

மணிக்கு 1,200 ரூபாய் வாங்குகிறேன், டீசல் என்னுடையது. குழி வேலையில் மணிக்கு ஐந்திலிருந்து ஆறு லிட்டர் வரை குடிக்கிறது. ஆபரேட்டர் சம்பளம், பேட்டா போக மிஞ்சுவதில், மீட்டர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 100 ரூபாய் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். அந்தப் பணத்தில் டயர், பின்னு, புஷ், சீல் தவிர வேறெதுவும் வாங்குவதில்லை. பழைய வண்டியை வைத்துத் தொழில் செய்கிறவர் நொடித்துப் போவதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தவணை கட்டியது போக மிச்சத்தை லாபம் என்று எடுத்துவிட்டு, லைன் போரிங் செலவு வரும் மாதத்தில் கடன் வாங்குவதில்தான் அது தொடங்குகிறது. இந்த வேலைக்கு ஆன மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் வெல்டிங், போரிங், கிரேன் வாடகை. புஷ்ஷும் பின்னும் சீல் கிட்டும் அதைவிடக் குறைவு. கிரீஸ் துளை அடைக்காமல் இருந்திருந்தால் புஷ் செலவோடு போயிருக்கும்.

இப்போது முன் ஆக்சிலின் சென்டர் பின்னில் லேசாக ஆட்டம் தெரிகிறது. முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் அரை மில்லி மீட்டர் அளவுக்கு அசைவு. புஷ் இன்னும் ஹவுசிங்கில் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மழைக்கு வேலை குறையும் ஐப்பசியில் அதைப் பிரிக்கிறேன். புஷ் வாங்கி வைத்துவிட்டேன், மீன் கடைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.